மஞ்ச சட்டை மொட்டை

இல்ல மேடம், மொதல்ல அந்த தூக்கினு போனான்ற வார்த்தைய அடிச்சிடுங்க. தூக்கல. கைய புடிச்சி நடத்தினு வந்தேன். அதுவும் அந்தப் புள்ளதான் என் கைய வந்து புடிச்சிச்சி, நான் போயி யாரு கையையும் புடிக்கல. உங்க பேனா என்னா எழுதுதோ அதான நாளிக்கு கோர்ட்ல நிக்கும். வார்த்தைய பாத்து போடுங்க.

ஆங், அசோக்குமார். அப்பா பேரு தேசப்பன். சொந்த ஊரு பொதட்டூர்பேட்ட, இப்ப ஆவடில குடியிருக்கறோம். லாரி ஓட்டறேன், கண்டெய்னர் லாரி. எண்ணூர்ல லோடு ஏத்தினு நாக்பூர் வரைக்கும் போவேன். மாசத்துல நாலு நாளு அஞ்சி நாளுதான் வூட்ல கீறது. அதான் சொல்றேன், புள்ள புடிக்கறவன்னு ஒரு கேஸு வந்துட்டா எங்க கம்பெனில கூப்ட்டு சாவிய வாங்கி வச்சினு அனுப்பிடுவான். என்னா ஏதுன்னு கூட கேக்க மாட்டான். நடந்தது ஒண்ணே ஒண்ணு. ஒரு மொட்டைக்கு பதிலா இன்னொரு மொட்டைய இட்டாந்துட்டேன். அவ்ளோதான் மேடம் மேட்டரு.

சிரிக்காதீங்க. இன்னிக்கு கிருத்திகை. மேல போயி எண்ணிப் பாருங்க, அந்த ஒசரத்துல எறநூறு மொட்டை கீது. எல்லா மொட்டை மேலயும் சந்தனம் அப்பி வச்சிருக்காங்க. எல்லாத்துக்கும் அடிவாரத்து கடைல தொங்குதே, அதே மஞ்ச சட்டை, அதே மஞ்ச டவுசரு. எனக்கு ஒசரம் ஆறடி. மேலர்ந்து பாத்தா எனக்கு தெரியறது சந்தனம் ஒண்ணுதான். இதுல எது எம்புள்ள, எது ஊரான் புள்ளன்னு மோந்தா பாக்க முடியும்?

வெளிய அந்தப் புள்ளையோட ஆயம்மா தெலுங்குல என்னா வய்யுதுன்னு எனக்கு புரியலன்னு நெனச்சினு கீது. அல்லாம் புரியுது. எங்க தெருவுல பாதி வூட்ல தெலுங்குதான். எங்கப்பன நைனான்னுதான் நாங்க கூப்டோம், எம்புள்ளையும் என்ன நைனான்னுதான் கூப்புட்றான். அந்தம்மாவ மொதல்ல நீங்க கேக்கணும் மேடம். நகரி ஊர்லர்ந்து மூணு வேனு எடுத்துகினு வந்துகிறாங்க. நாப்பது பேரு. புளிசாதம் எத்தினி குண்டான், தயிர்சாதம் எத்தினி குண்டான்னு கேளுங்க, டக்குன்னு சொல்லுவாங்க. புள்ளைங்க எத்தினின்னு கேளுங்க, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாப்பாங்க. புள்ள கூட்டத்துலர்ந்து கழண்டுகினு அரமணி நேரம் ஆயிருக்குது. ஒரு ஆளு தேடல. பாட்டு போட்டு ஆடிக்கினு இருந்திருக்காங்க. அந்த லட்சணத்துல என்ன அடிக்கறாங்க. ரெண்டு அடி வாங்கினேன், அத்த நீங்க எழுத வாணாம். வாங்கினது போவட்டும்.

எம்புள்ளையா? வெளிய அவங்கம்மா பக்கத்துல குந்தினு கீறான் பாருங்க. தணிகைவேலு. எட்டு வயசு. அவன் அப்ப எங்க இருந்தான்னா, சொல்றேன். மொதல்லர்ந்து சொன்னாதான் உங்களுக்கு புரியும். இல்லன்னா நான் என்னமோ குடிச்சிட்டு வந்து மறந்துட்டன்ற மாதிரி ஆயிடும்.

இந்த பிரச்சினைக்கு மூலமே அவன் படிக்கிற இஸ்கூல் மிஸ்ஸுதான். போன தடவ நான் வூட்ல இருந்தப்ப பேரன்ட்ஸ் மீட்டிங்குன்னாங்க, போனேன். சின்ன நாற்காலில என்ன குந்த வச்சிட்டு சொல்லுது, சார் உங்க பையன் பி.டி. பீரியட்ல செவுத்துல சாஞ்சினு நிக்கறான், யார் கூடயும் ஓட மாட்டேங்கறான், மண்ணு பட்டா கைய தட்டிக்கினே இருக்கான், வெளிய இட்டுனு போங்க, நாலு வெளையாட்டு காட்டுங்கன்னு. சொல்லிட்டு ஒரு பேப்பரு வேற குடுக்குது. அதுல வரிசையா நம்பர் போட்டு வச்சிருக்காங்க. மரம் ஏறுதல். வெறுங்காலில் நடத்தல். பூச்சிகளைக் கவனித்தல். பக்கத்துல டிக் அடிக்க ஒரு கட்டம். மரம் ஏறதுக்கு பேப்பரு குடுக்கற காலம் மேடம். நாங்க மரம் ஏறினதுக்கு அடிதான் குடுத்தாங்க.

எனக்கு எவ்ளோ அவமானமா இருந்திச்சின்னு உங்களுக்கு சொல்லி புரியாது. பக்கத்து நாற்காலில ஒருத்தன் குந்தினு கேட்டுனு கீறான். நான் பதினாறு சக்கர வண்டிய மலை காட் ரோடுல இஸ்துகினு போறவன். எனக்கு பொறந்தது செவுத்துல சாஞ்சினு நிக்குது.

வூட்ல வந்து சொன்னா, எம் பொண்டாட்டி பிரபாவதி, அவங்கண்ணனுக்கு போனு போட்டா. முருகவேலுன்னு, கம்ப்யூட்டர் கம்பெனி. அவன் புள்ளைங்கள எங்கியோ பார்க்குக்கு இட்டுனு போயிருந்தானாம். கயிறு கட்டி, தலைல ஹெல்மெட் மாட்டி, கீழ ஸ்பான்ஞ்சி போட்டு, ஒரு இரும்பு மரத்துல ஏத்தினாங்களாம். அத்த வீடியோ எடுத்து அனுப்பறான். புள்ள ஒரு அடி ஏறுது, கீழ நாலு பேரு கை தட்றாங்க. தட்டறவன் சம்பளத்துக்கு தட்றான். அவன் சொல்றான், பாவா, நீங்களும் வாங்க, சேந்து போலாம்னு. நான் சொன்னேன், உன் இரும்பு மரத்த நீயே வச்சிக்கோ, எம்புள்ளைக்கு நான் நெஜ மலைய காட்டறேன்னு.

தணிகைவேலு கைப்புள்ளையா இருக்கசொல்ல ஜொரம் வந்து பொழைச்சதுக்கு இங்க ஒரு மொட்டை வேண்டுதல் பாக்கி இருந்திச்சி. சரி, அதையும் முடிச்சமாரி ஆச்சி, புள்ளைக்கு வெளிய காட்னமாரியும் ஆச்சின்னு, இன்னிக்கி காலைல ஏழு மணி ரயிலு வண்டில கெளம்பினோம்.

வண்டியிலயே ஆரம்பிச்சிட்டான் மேடம். கதவாண்ட வாடா, காத்து நல்லா வரும், ஊர பாருடான்னேன். கம்பிய கட்டிப் புடிச்சினு கண்ண மூடிக்கினான். அரக்கோணம் வரைக்கும் கண்ண தொறக்கல. இவ ஒரு பக்கம். பைல கை கழுவற மருந்து, மூஞ்சில பூசற மருந்து, கொசுக்கு ஒண்ணு, ஈக்கு ஒண்ணு. கோயிலுக்கு போறமா ஆஸ்பத்திரிக்கு போறமான்னு கேட்டேன். அவ மூஞ்சிய திருப்பிக்கினா.

அடிவாரத்துல அவ முட்டி வலின்னு ஆட்டோல மேல போயிட்டா. நான் படில ஏத்தினேன் அவன. செருப்ப கழட்றா, கல்லுல காலு படட்டும்னேன். அவ்ளோதான். நைனா சுடுது. நைனா குத்துது. நைனா எத்தினி படி இன்னும். நாப்பதாவது படில குந்திட்டான். தொண்ணூறு வயசு கெழம் கோலு ஊனிக்கினு ஏறுது, இவன் குந்தினு தண்ணி பாட்டில தொறக்கறான். கொரங்குக்கு குடுடான்னு வாழப்பழத்த கைல குடுத்தா, கொரங்கு இன்னும் பத்தடி தள்ளி கீது, பழத்த வீசிட்டு என் பின்னாடி வந்து ஒளிஞ்சிக்கறான். மரவட்டை ஒண்ணு போச்சி. அது என்னா பண்ணும் மேடம், தொட்டா சுருண்டுக்கும், அவ்ளோதான். தொடுடான்னா கைய பாக்கெட்ல வுட்டுக்கறான். பாதில ஒரு சரிவு பாறை கீதே, மண்டபத்தாண்ட, புள்ளைங்க ஏறி சறுக்கி சறுக்கி வழவழன்னு ஆயிருக்கும், அதுல ஏறுடான்னேன். நீ ஏறு நைனா, நான் பாக்கறேன்றான். ஜனங்க சிரிக்கறாங்க. எனக்கு எங்கியாவது போயி முட்டிக்கலாமான்னு இருந்திச்சி.

மொட்டை அடிக்கசொல்ல அழலையான்னா, அழல. கல்லு மாதிரி குந்தினு இருந்தான். அடிச்ச ஆளு கூட சொன்னாரு, இந்த மாதிரி ஆடாம குந்தற புள்ளைய காலைலர்ந்து பாக்கலன்னு. அதுல என்னா பெருமை கீது, கத்திக்கு கீழ எவனா இருந்தாலும் ஆடாமதான் குந்துவான். அத்த ஒரு தைரியம்னு சொல்லிட முடியுமா.

சாமி பாத்துட்டு வெளிய வந்தா பிரபாவதி சொல்றா, வெயிலு ஏறிடுச்சி, ஆட்டோல எறங்கிடலாம், புள்ள வாடிட்டான்னு. எனக்கு ரோசம் வந்திடுச்சி. நீ போ, நாங்க படில வர்றோம்னு சொல்லிட்டேன். அவ புள்ளைய பாத்தா. அவன் தண்ணி பாட்டில மாட்டிக்கினு என் கூட வந்தான்.

படில எறங்க ஆரம்பிச்சி கொஞ்ச தூரம்தான். காவடி கூட்டம் ஒண்ணு மேளம் அடிச்சினு மேல வந்துச்சி. ஓரமா ஒதுங்கினோம். அந்த தள்ளுமுள்ளுல அவன் கை வுட்டுப் போச்சி. கூட்டம் தாண்டினதும் ஒரு கை வந்து என் வெரல புடிச்சிச்சி. சின்ன கை. இவன்தான்னு நெனச்சேன். யாரா இருந்தாலும் அப்படிதான மேடம் நெனப்பான்?

அங்கர்ந்து பாக்கணும் நீங்க. ரெண்டு ரெண்டு படியா தாவறான். அதாவது அந்தப் புள்ள. சுடுதுன்னு ஒரு வார்த்த இல்ல. கொரங்கு வந்துச்சி, நாக்க நீட்டி காட்னுச்சி, கொரங்கு மெரண்டு ஓடுது. ஓரத்துல மரவட்டை. நான் ஒண்ணும் சொல்லல, அதுவா எடுத்து உள்ளங்கைல வுட்டு எனக்கு காட்டுது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. அர நாளு மேடம், அர நாளு கூட வச்சினு நாலு அதட்டு அதட்டினதுல புள்ள மாறிட்டான் பாத்தியான்னு நெனச்சேன். மனசுக்குள்ள அந்த மிஸ்ஸுக்கு பதிலு சொல்லிக்கினேன். மச்சானுக்கு பதிலு சொல்லிக்கினேன். சந்தோசத்துல வாய் ஓயல எனக்கு. நான் சின்ன வயசுல பள்ளிப்பட்டு ஆத்துல வெள்ளத்துல நீந்தினது, கெணத்துல பம்புசெட்டு மேலர்ந்து குதிச்சது, மொத லோடு ஏத்தினு ஒண்டியா போனது, வூட்ல யார் கிட்டயும் சொல்லாத கதைய எல்லாம் சொன்னேன். எல்லாத்துக்கும் ஆங், ஆங்னு தலைய ஆட்டுச்சி. இப்ப சொல்றாங்க, அதுக்கு தமிழே தெரியாதாம்.

ஆங், அந்த பாறைலயும் ஏறுச்சி. நான் காட்டினதுதான் தெரியும், பல்லி மாதிரி ஏறி சர்ருன்னு சறுக்கினு வந்து என் முன்னாடி நின்னுச்சி. அப்பால கீழ வந்தோம். கீழ வந்ததும் அந்தம்மா ஓடியாந்து இஸ்துச்சி, அப்பதான் எனக்கு தெரிஞ்சிது. அதோட முடிஞ்சிது. கையெழுத்து எங்க போடணும்னு சொல்லுங்க.

என்னா மேடம் திரும்பவும் அதையே கேக்கறீங்க. எம்புள்ள பின்னாடி வந்துகினு இருந்தான். கூப்புடல. அது அப்படித்தான், வாயில்லாத புள்ள. இஸ்கூல்ல கூட மிஸ்ஸு கேட்டாதான் பேசும்.

இல்ல, இல்ல. அவன எதுக்கு கூப்புட்றீங்க. அவன் சின்னப் புள்ள, அவன் என்னா சொல்லுவான். அவன் சொல்றதும் நான் சொல்றதும் ஒத்துப்போவுதான்னு பாக்கணுமா? ஒத்துப்போவாம என்னா.

மேடம். கொஞ்சம் குந்துங்க. கதவ தொறக்க வாணாம். நானே சொல்லிட்றேன்.

காவடி கூட்டத்துல கை வுட்டுப் போச்சின்னேன் இல்ல. அது போவல, நான்தான் உதறினேன். கூட்டத்துக்கு முன்னாடியே. அவன் கை வேர்த்து பிசுபிசுன்னு இருந்திச்சி. படிக்கு ஒரு நைனா, படிக்கு ஒரு நைனா. உதறிட்டு சொன்னேன், இன்னொரு வாட்டி நைனான்னு கூப்ட்டீன்னா உன்ன இங்கியே வுட்டுட்டு போயிடுவேன், ஆம்பள மாதிரி தனியா நடடான்னு. அப்பால தான் கூட்டம் வந்துச்சி. அப்பால தான் இன்னொரு கை வந்துச்சி.

அப்ப தெரியாது. சத்தியமா தெரியாது. பாறையாண்ட தெரிஞ்சிது. அந்தப் புள்ள சறுக்கினு வந்து நின்னப்ப சந்தனம் வேர்வைல கரைஞ்சி கண்ணுல வழிஞ்சிச்சி. குனிஞ்சி துண்டால தொடச்சி வுட்டேன். தொடச்சா வேற மூஞ்சி. முன்பல்லு ரெண்டும் இல்ல. சிரிக்குது.

எம்புள்ள எங்கன்னு திரும்பினேன். தேடல்லாம் இல்ல. பத்து படிக்கு மேல நின்னுனு இருந்தான். தண்ணி பாட்டில மார்ல அணைச்சிக்கினு. அங்கர்ந்து எல்லாத்தையும் பாத்துகினுதான் வந்திருக்கான். நான் அவன பாத்தேன். அவன் என்ன பாத்தான்.

பாதி படி இன்னும் பாக்கி கீது மேடம். நான் அந்தப் புள்ள கைய வுட்டுட்டு மேல போயிருக்கணும். இல்லன்னா எம்புள்ளைய வாடான்னு கூப்ட்டிருக்கணும். ரெண்டும் செய்யல. அவன்தான் பின்னாடி வந்துகினு கீறானே, வரட்டும்னு நெனச்சேன். இந்தப் புள்ளைய யாரு வூட்டுதுன்னு கீழ போயி கேட்டு வுட்டுக்கலாம், அது வரைக்கும் இது கூட நடக்கலாம்னு நெனச்சேன். நல்லா இருந்திச்சி மேடம் எனக்கு, அந்த கைய புடிச்சினு நடக்க. நூத்தி எம்பது படி. தெரிஞ்சேதான் நடந்தேன். கதையும் சொன்னேன்.

கீழ அடி வாங்கி, கூட்டம் வெலகினப்பறம், இவன் மெதுவா வந்து தண்ணி பாட்டில நீட்டினான். வாங்கி குடிச்சேன். ஏன்டா, நான் திரும்பிப் பாத்தப்ப கூட கூப்புடல, நான் வய்தேன்னு பயந்துகினியான்னு கேட்டேன். ஆங்னு சொல்லுவான்னு நெனச்சேன். சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.

இல்ல நைனா, நீ சிரிச்சினு போன, அதான் கூப்புடலன்னான்.

அழுதுகினு சொல்லியிருந்தா ஒரு ஐஸு வாங்கி குடுத்து சமாதானம் பண்ணியிருப்பேன். அழல மேடம். வண்டி எத்தினி மணிக்குன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னான். நீங்க கேட்டாலும் அப்படியே சொல்லுவான். அவங்கம்மா பக்கத்துல குந்தினு கீறா, அவ காதுல வுழும். என்னாலயும் ரெண்டாவது வாட்டி கேக்க முடியாது. தெரிஞ்சி இட்டாந்தான்னே எழுதிக்கோங்க, கம்பெனில நான் பேசிக்கறேன். அவன ஒண்டி உள்ள கூப்புடாதீங்க.